சந்திரசிலாவுக்கு ஒரு திட்டம்

ஜூலை 19, நாகர்கோவில்

அக்டோபர் முதல் வாரம் கிளம்பி சந்திரசிலா ஏறுவது என்று முடிவாகிவிட்டது. நானும் மச்சினனும். உத்தரகாண்டில் சோப்தா என்ற இடத்திலிருந்து விடியுமுன் கிளம்பி, துங்கநாத் கோயிலைக் கடந்து உச்சியைத் தொட்டு, மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். தூரம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. கோயில் வரை கல் பாவிய பாதை, நான்கு கிலோமீட்டருக்குள். அதற்கு மேல் ஒன்றரை கிலோமீட்டர் செங்குத்து.

உயரம்தான் விஷயம். சோப்தாவே 2,600 மீட்டருக்கு மேல். நம் ஊட்டி தொட்டபெட்டா 2,637. அதாவது தமிழ்நாட்டு மலைகளெல்லாம் ஏறக்குறைய முடிகிற இடத்தில் அங்கே நடையே தொடங்குகிறது. உச்சி கிட்டத்தட்ட 3,700 மீட்டர்.

"மருந்துவாழ்மலைல நாலு ஞாயிறு ஏறினா போதும் அத்தான்" என்கிறான் அவன். வயது அப்படி.

ஜூலை 27

இன்று மருந்துவாழ்மலை. பொற்றையடியில் பைக்கை விட்டபோது சாரல் தூறிக்கொண்டிருந்தது. படிகள் இருக்கும்வரை கவலை இல்லை, மேலே பாறையில் கால் வழுக்கியது. ஆளுக்கு இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர் சுமந்து ஏறினோம். உச்சியில் அதை ஒரு செடி மூட்டில் ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறக்கம். ஏறும்போது தொடைக்குப் பயிற்சி, இறங்கும்போது முட்டிக்கு விடுதலை.

மச்சினன் எனக்கு வெகு முன்னால் போய் அனுமார் கோயில் பக்கம் காற்று வாங்கிக்கொண்டு நின்றான். மேகம் விலகியபோது கடலும் ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகளும் தெரிந்தன. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை, கொரோனா நேரத்தில் வாங்கியதை, பையில் போட்டிருந்தேன். அடிவாரத்தில் அவனுக்கு 98. மேலே மூச்சு அடங்கியதும் மறுபடி மாட்டினோம். அப்போதும் 98.

இதைத்தான் அவனுக்குக் காட்ட நினைத்தேன். 1,800 அடி என்று சொல்லப்படும் இந்த மலை காலுக்கும் நெஞ்சுக்கும் நல்ல பள்ளிக்கூடம், ஆனால் காற்று அப்படியே நம் ஊர்க் காற்று. 3,700 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய அறுபத்து மூன்று சதவீதம்தான். அதற்கு உடம்பைப் பழக்க இந்த ஜில்லாவில் இடமே கிடையாது.

ஜூலை 30

சாப்பாட்டு மேசையில் சண்டை. அவனுக்கு பேங்கில் லீவு கிடைப்பது பாடு. அவன் கணக்கு: ஹரித்வாரில் இறங்கி அன்றே வண்டி பிடித்து சோப்தா, மறுநாள் அதிகாலை உச்சி. 300 மீட்டரில் காலை டீ குடித்தவன் மறுநாள் காலை 3,700 மீட்டரில் நிற்பான். பலர் இப்படிப் போய்த் திரும்பியும் வருகிறார்கள். ஆனால் தலைவலியும் வாந்தியும் வந்து பாதியில் உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. திடகாத்திரமான ஆளுக்கு இது வராது என்றில்லை. வேகமாக ஏறுகிறான் என்பதாலேயே அவனுக்கு ஆபத்து கூடுதல். (இந்த இடத்தில் மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.)

என் கணக்கு வேறு. முதல் இரவு ஊக்கிமட், சுமார் 1,300 மீட்டர். மறுநாள் சாரி கிராமத்திலிருந்து தேவரியாதால் ஏரிக்கு நடை, அன்று இரவு சோப்தா. அதற்கடுத்த நாளும் சோப்தாவிலேயே தங்கி, பகலில் கொஞ்சம் ஏறி இறங்கி, மறுநாள் உச்சி. தலைவலி இருந்தால் ஏறுவதில்லை. கூடினால் அந்த நேரமே இறக்கம். மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்ட பிறகுதான் பேச்சு.

இன்னொன்றும் எழுதி வைத்தேன்: காலை நாலரைக்குக் கிளம்பி, எங்கே நின்றாலும் பத்து மணிக்குத் திரும்புவது. பகல் ஏற ஏற மேகம் மூடும். உச்சிக்கு இன்னும் பத்து நிமிடம்தான் என்றாலும் திரும்ப வேண்டும். இதற்கு மட்டும் அவன் உடனே சரி என்றான், கைவசம் இல்லாத பத்து மணிக்குச் சம்மதிப்பது சுலபம்தானே.

ஆகஸ்ட் 2

நெற்றி விளக்கு வாங்க ஆன்லைனில் தேடிக்கொண்டிருந்தேன். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு அண்ணன், "அதுக்கு ஏன் அங்க போறிய, இங்க கடையிலேயே கிடைக்குமே" என்றார். விடியுமுன் தோட்டத்தில் மரம் மரமாக நடந்து பட்டை சீவுகிறவர்களுக்கு வெளிச்சம் சரியாக விழ வேண்டும், இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். எனக்கும் அதுவேதான் வேண்டும். விளக்கின் வார் நெற்றியில் வழுக்காமல் இருக்கிறதா, தலையைக் குனிந்தால் வெளிச்சம் காலடியில் விழுகிறதா என்று அவரே மாட்டிக் காட்டினார். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கும்.

உடுப்பில் பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஹரித்வாரில் விடியற்காலை 20 டிகிரி என்றால் உச்சியில் பூஜ்யத்துக்குக் கீழே.

ஆகஸ்ட் 3

மாமி முந்திரிக்கொத்து செய்து தருவதாகச் சொல்லிவிட்டார்கள். சிறுபயறு, கருப்பட்டி, தேங்காய். நடைக்கு இதைவிட நல்ல தீனி இல்லை, பாக்கெட்டில் விற்கிற பார்களை நான் மதிப்பதில்லை. கூடவே, "அவ்வளவு தூரம் போறிய, கேதார்நாத்தும் பாத்துட்டு வாருங்க" என்றார்கள். மச்சினன் லீவுக் காகிதத்தை எடுத்துக் காட்டி அழுவதுபோல நடித்தான்.

ஆகஸ்ட் 4

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். காலை எட்டு மணிக்கு அவன் ஒரு போன், நான் ஒரு போன். கன்னியாகுமரியிலிருந்து டெல்லி நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ், வாரத்தில் இரண்டே நாள். அவனுக்குத்தான் முதலில் கிடைத்தது, கீழ் பெர்த்தும் நடு பெர்த்தும். திரும்பும் தேதி கேட்கும் முன் அவனே சொன்னான்: "சோப்தாவுல ரெண்டு ராத்திரின்னு வச்சுத்தான் லீவு எழுதிக் கொடுத்தேன் அத்தான். கீழ் பெர்த் எனக்கு."