குச்சி விரல்கள்

நேற்று இரவு சே குவேராவின் தென் அமெரிக்கப் பயணத்தைச் சொல்லும் ‘மோட்டார் சைக்கிள் டைரிஸ்’ படத்தை மறுபடி பார்த்தேன். பிறந்தநாள் இரவில், ஆஸ்துமாவோடு சே அமேசானை நீந்திக் கடந்து தொழுநோயாளிகளிடம் போய்ச் சேரும் காட்சியில் தொண்டை அடைத்துவிட்டது.

காலையில் எழுந்ததும், அந்தப் பயணத்தைப் பற்றி சே எழுதிய புத்தகத்தை எடுத்தேன். 1952 ஜூன் 14, பெருவின் சான் பாப்லோ தொழுநோயாளர் குடியிருப்பு, அவருக்கு 24 வயது. பிஸ்கோ என்ற பெரு நாட்டு மது, நடனம், லத்தீன் அமெரிக்கா ஒன்றே என்று ஓர் உரை. அவ்வளவுதான், நள்ளிரவு நீச்சல் இல்லை.

சினிமாவுக்கு நாயகன் ஆற்றைக் கடந்தாக வேண்டும். சரி, புரிகிறது.

புத்தகத்தில் சேயின் கண்ணோ மற்றவர்கள் மேலேயே இருக்கிறது.

அவர் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். நோயாளிகள் படகில் வந்து பாடி வழியனுப்புகிறார்கள். பாடுபவருக்குப் பார்வை இல்லை. அக்கார்டியன் வாசிப்பவருக்கு வலது கையில் விரல்களே இல்லை; மணிக்கட்டில் குச்சிகளைக் கட்டிக்கொண்டு வாசிக்கிறார்.

அந்தப் பக்கத்தை இன்னும் மூடவில்லை.