ஊட்டி ரயிலைச் சாலையில் துரத்தும் முன்

அடிவார ஸ்டேஷனான கல்லாறுக்கு மேலே ஊட்டி மலை ரயிலின் வேக வரம்பு மணிக்கு 13 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்புகிற வண்டி குன்னூர் போய்ச் சேர பத்தரை ஆகிவிடும். அரசு பஸ் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறிவிடுகிறது. ஆகவே பைக்கை முறுக்கிக்கொண்டு போவதில் ஒரு புண்ணியமும் இல்லை. கேமராவோடு வந்து நல்ல படம் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களில்தான் கோட்டை விடுகிறார்கள். எஞ்சின் எந்த முனையில் வரும் என்று யோசிப்பதில்லை. சாலையும் தண்டவாளமும் எங்கே பிரிகின்றன என்று பார்த்து வைத்துக்கொள்வதில்லை.

முதலில் எஞ்சின். இந்தப் பாதையில் நீராவி எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கிக்கொண்டு வரும். பெட்டி அறுந்து பின்னோக்கி ஓடிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. அதனால் காலை வண்டிக்காக ஒரு வளைவில் காத்திருந்தால், முதலில் வருவது முகப்புப் பெட்டியும் அதன் பால்கனியில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேனும்தான். புகை கடைசியில் வரும். பெட்டியைப் பார்த்த உற்சாகத்தில் படபடவென்று தட்டிவிட்டு, எஞ்சின் தாண்டும் நேரத்தில் கேமராவின் பஃபர் (படங்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிரம்பிக் கிடப்பது வழக்கமாக நடக்கும் கூத்து. பொறுத்திருங்கள். வண்டி உங்களைத் தாண்டிய பிறகு பின்பக்கமிருந்து எடுக்கிற படத்தில்தான் எஞ்சின் நிறையும்.

மேட்டுப்பாளையத்தில் ஆறேகாலுக்கே ஸ்டேஷனில் இருப்பது நல்லது. நீலகிரி எக்ஸ்பிரஸ் அகலப் பாதையில் மின்சார எஞ்சினோடு வந்து நிற்க, பக்கத்திலேயே மீட்டர்கேஜ் பெட்டிகள் காத்திருக்கும். இரண்டு காலமும் ஒரே ஃபிரேமில் கிடைக்கிற இடம் இது ஒன்றுதான். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிவிடுங்கள்.

அடுத்து பவானி பாலம், பிறகு பாக்குத் தோப்புகள். கல்லாறு வரை சுமார் 8 கிலோமீட்டர் சமதளம். வண்டி இங்கே வேகமாகப் போகும், நீராவியும் அதிகம் தெரியாது. பாலத்தில் ஒரு படம் போதும். நேராகக் கல்லாறுக்குப் போய்விடலாம்.

கல்லாறில் பார்க்க வேண்டியது சக்கரங்களை. எக்ஸ் வகை எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. கீழே இருப்பவை உயரழுத்த சிலிண்டர்கள். இவை சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேலே இருப்பவை தாழழுத்த சிலிண்டர்கள். இவை பல்சக்கரங்களை ஓட்டும். சமதளத்தில் கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்யும், மேல் ராடுகள் (சிலிண்டரின் விசையைக் கடத்தும் இரும்புத் தண்டுகள்) சும்மா நிற்கும். தண்டவாளங்களின் நடுவே பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்கான ரேக் பார் தொடங்குகிற இடத்துக்கு வரும்போது வண்டி நடை வேகத்துக்கு இறங்கும். அந்தச் சில மீட்டரில்தான் மேல் ராடுகள் உயிர்பெறுகின்றன. நடுவே கியர் இருப்பதால் அவை கீழ்ச் சக்கரங்களுக்கு எதிர்த் திசையில் சுழலும். வேகமும் கூடுதலாக இருக்கும். கீழே நிதானமாக ஒரு சுற்று, மேலே அவசர அவசரமாக எதிர்ச் சுற்று. முதல்முறை பார்க்கிறவர்களுக்கு எஞ்சின் தன்னோடு தானே சண்டை போடுவது போலத் தோன்றும். உயரழுத்த சிலிண்டரில் வேலை முடித்த நீராவிதான் மேலே போய் இரண்டாம் முறை உழைக்கிறது. புகைபோக்கியில் கேட்கிற சத்தமும் அதோடு மாறும். வீடியோ எடுப்பதாக இருந்தால் இந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேச்சை நிறுத்திவிட்டு ஒலியைப் பதிவு செய்யுங்கள்.

ரேக் பார் என்பது இரண்டு பற்பட்டைகள், பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வரும்படி தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல் பிடித்துக்கொண்டே இருக்கும். 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் குன்னூர் வரை தொடர்கிறது.

இனி சாலை. கல்லாறு தாண்டினால் ரயில் ஒரு பக்கம், 14 கொண்டை ஊசி வளைவுகளோடு நெடுஞ்சாலை ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். அடர்லி, ஹில்குரோவ் ஸ்டேஷன்கள் இரண்டையும் சாலைத் துரத்தலில் சேர்க்காதீர்கள். ஹில்குரோவில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்பதும் அங்கத்திய குரங்குகளும் வேண்டுமென்றால் டிக்கெட் எடுத்து ரயிலில் போவதுதான் வழி. எங்கள் யோசனை: முதல் நாள் ரயிலில், மறுநாள் சாலையில். பர்லியாரில் நிறுத்தி டீ குடியுங்கள், பருவமாக இருந்தால் மங்குஸ்தான் வாங்குங்கள். நேரம் தாராளமாக இருக்கிறது. மறுபடி ரயில் கைக்கு எட்டுவது ரன்னிமேடு, காட்டேரிப் பக்கம்தான். அங்கே ஒன்பதரைக்குள் இடம் பிடித்துவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டவே கூடாது. பஸ் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். நீங்கள் நின்றால் மலையே நிற்கும்.

பலாப்பழக் காலத்தில் ரன்னிமேட்டுக்கு யானைகள் வரும். கல்லாறு, பர்லியார் ஓரங்களிலும் அப்படித்தான். ஸ்டேஷன் ஊழியர் போகச் சொன்னால் எதிர்க்கேள்வி கேட்காமல் கிளம்பிவிடுங்கள். தண்டவாளத்தில் நடப்பது, பாலத்தில் ஏறி நிற்பது எல்லாம் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம். அதைவிட, ரயில் நுழையும் குகையின் (சுரங்கப்பாதையின்) வாசலில் நிற்கிறவருக்கு ஒதுங்க இடமே இருக்காது.

பருவம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீராவி வெள்ளையாகத் தெரிவது காற்றின் குளிர்ச்சியையும் ஈரத்தையும் பொறுத்தது. ஏப்ரலில் மேட்டுப்பாளையத்தில் புகைபோக்கிக்கு ஒரு முழம் மேலேயே அது கரைந்துவிடும்; அதே எஞ்சின் ரன்னிமேட்டில் பஞ்சுப் பொதியாக விடும். கரும்புகை வேறு சமாச்சாரம். எண்ணெயில் எரியும் எஞ்சினில், காற்றுக்கு மிஞ்சி எண்ணெய் திறக்கும்போது வருவது. சில நொடிதான் நீடிக்கும். அதற்காகக் காத்திருப்பது வீண். ஃபயர்மேனுக்கும் அது பெருமையான விஷயமில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நேராக இந்தச் சரிவில் அடிக்கும். மண் சரிந்து, பாறை விழுந்து, கல்லாறு–குன்னூர் சேவை நாள்கணக்கில் நிற்பதுண்டு. 2009 நவம்பர் சரிவுக்குப் பிறகு மாதக்கணக்கில் நின்றது. முதல் நாள் மாலை ஸ்டேஷனில் கேட்காமல் கிளம்பாதீர்கள். ஜனவரி, பிப்ரவரி பாதுகாப்பான தேர்வு. எங்களைக் கேட்டால் ஜூலை, ஆகஸ்ட்: தென்மேற்கு மழையின் முழு அடி மேற்குப் பக்கம் போய்விடும், இங்கே மேகமூட்டமும் குளிரும் மட்டும் மிஞ்சும். நீலப் பெட்டி, வெள்ளை நீராவி இரண்டும் வெளுத்துப் போகாத வெளிச்சம் அது.

வெளியூர் வண்டிக்கு நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதி) எடுக்க வேண்டும். நீலகிரியின் டிஎன் 43 பதிவெண்ணுக்கும் அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் செக்போஸ்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். கோடை சீசனில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவது வழக்கம். அப்படியானால் மாலை வண்டியைச் சாலையில் பின்தொடர முடியாது.

கேமராவுக்கு: 13 கிலோமீட்டர் வேகத்துக்கு 1/250 ஷட்டர் வேகம் தாராளம். 1/15இல் பக்கவாட்டில் கேமராவை ஓட்டினால் மேல் ராடும் கீழ் ராடும் எதிரெதிராக மங்கலாவது அழகாக வரும். நீராவிக்காக எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்து வையுங்கள்.

குன்னூரில் எஞ்சின் கழன்று லோகோ ஷெட்டுக்குப் போய்விடும். வண்டி சற்றுப் பின்னால் போய்த் தடம் மாறி, டீசலோடு ஊட்டிக்கு ஏறும். அந்தப் பகுதியில் ரேக் இல்லை, ஏற்றம் 23க்கு 1. எப்போதாவது சிறப்பு வண்டியாக நீராவியில் ஊட்டி வரை விடுவார்கள். அப்போது கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும் உழைப்பதால் சத்தம் கூர்மையாக, வெட்டி வெட்டி வரும்.

மாலை வண்டி குன்னூரில் மூன்றேகால் வாக்கில் நீராவிக்கு மாறி இறங்கத் தொடங்கும். இப்போது எஞ்சின் முன்னால், ஆனால் நீராவி குறைவு. சிலிண்டர்களே பிரேக்காக வேலை செய்வதால் ஒரு மூச்சிரைப்புதான் கேட்கும். நான்கு மணிக்கே பள்ளத்தாக்கில் நிழல் விழுந்துவிடும். ஆகவே இடையில் எங்கும் நிற்காமல் நேராகப் பவானி பாலத்துக்கு இறங்கிவிடுங்கள். ஐந்தரைக்குச் சற்று முன்னால், சாய்ந்த வெயிலில், எஞ்சின் முதலாவதாகப் பாலத்தின் மேல் வரும்.