முடிச்சு நழுவும் இடம்

அறுவை நூலில் முடிச்சு எப்படிப் போடுவது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் பயிற்சி அறுவை மருத்துவர்கள் எல்லாருமே சரியாகச் சொல்லிவிடுவார்கள். போடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கையின் நிலைமை புரியும்.

வேகம் சட்டென்று கண்ணில் படும், ஆனால் பார்க்க வேண்டியது அதை அல்ல. ஒவ்வொரு சுற்றுக்கும் முனைகள் திசை மாறுகின்றனவா, இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முனையை விறைப்பாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றதை மட்டும் சுற்றினால் நழுவாத சதுர முடிச்சு விழாது. விறைத்த நூலின்மேல் வெறும் வளையங்கள் அடுக்கி நிற்கும், அழுத்தம் வந்தால் வழுக்கிவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

நூலைப் பொறுத்தும் கணக்கு மாறும். பட்டு பின்னல் நூல், உராய்வு அதிகம், 3 சுற்று தாங்கும். பாலிப்ரொப்பிலீன் வழவழப்பான ஒற்றை இழை. உறைக்குள் சுருண்டு கிடந்த வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். அதற்கு 5, 6 சுற்று வேண்டும், முனையையும் சற்று நீளமாக விட்டுத்தான் வெட்ட வேண்டும். பட்டில் பழகிய கை இதிலும் மூன்றோடு நின்றுவிடுகிறது. உள்ளே தங்கப்போகும் பகுதியை, ஊசி பிடிக்கும் கருவியான நீடில் ஹோல்டரால் கவ்வுவது இன்னொரு தவறு. கவ்விய இடம் நசுங்கிப் பலவீனமாகும்.

பயிற்சிப் பலகையில் கொக்கி மேலே, கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். வயிற்றுக்குள் ரத்தக் குழாயின் முனை அப்படி இருக்காது. காகிதக் கோப்பையின் அடியில் சிறு கொக்கியை ஒட்டி, கோப்பையை மேசையில் ஒட்டாமல் வைத்து, உள்ளே முடிச்சுப் போட்டுப் பாருங்கள். கோப்பை எழும்பினால், நிஜத்தில் அந்தக் குழாய் கிழிந்திருக்கும். ஆள்காட்டி விரலால் முடிச்சைக் கீழே தள்ள வேண்டும், மேலே இழுக்கக் கூடாது. இந்த ஒரு பயிற்சி பலகையில் நூறு முடிச்சு போடுவதைவிடப் பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

1990களில் டொராண்டோவில் உருவான, அறுவைத் திறனை அளக்கும் ஓசாட்ஸ் மதிப்பீடு இதைப் புரிந்துகொண்டு செய்தது. படிகளைச் சரிபார்க்கும் பட்டியலோடு, திசுவைக் கையாளும் பாங்கு, கருவி பிடிப்பது, உதவியாளரைப் பயன்படுத்துவது போன்றவற்றுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். முதலில் வருவதே திசுவுக்குக் கொடுக்கும் மதிப்பு. ஃபோர்செப்ஸால் (இடுக்கியால்) ஒரே விளிம்பை நாலு தடவை பிடித்து விடுகிறவர் எல்லாப் படிகளையும் முடித்திருந்தாலும் அங்கே குறைந்துபோவார்.

வயிற்றைத் தைத்து மூடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் நீளம் காயத்தின் நீளத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு இருக்க வேண்டும். 20 செ.மீ. காயத்துக்கு 80 செ.மீ. நூல் உள்ளே போயிருக்க வேண்டும். நெதர்லாந்தில் நடந்து 2015இல் வெளியான ஸ்டிட்ச் ஆய்வில், விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி 5 மி.மீ. இடைவெளியில் தைத்தவர்களில் ஓராண்டில் 13 சதவீதம் பேருக்குத் தழும்பில் ஹெர்னியா வந்தது. 1 செ.மீ. கணக்கில் தைத்தவர்களில் 21 சதவீதம். பெரிய தையலில் கொழுப்பும் தசையும் சேர்ந்து மாட்டும். நூல் அவற்றை அறுத்துக்கொண்டு தளர்ந்துவிடும், தசையை மூடியிருக்கும் உறுதியான உறையான ஷீத் விலகும். அந்த நான்கு மடங்கு விகிதத்தைத் தேர்வில் எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். மிஞ்சிய நூலை அளந்து அறுவைக் குறிப்பில் எழுதுகிறவர்கள் குறைவு. ஒரு ஸ்கேலும் அரை நிமிடமும் போதும். அந்த எண் இல்லாத குறிப்பை மேற்பார்வையாளர் கையெழுத்திடாமல் திருப்பித் தர வேண்டும்.

பயிற்சியில் செய்த அறுவைகளைப் பதியும் லாக் புக்கிலும் இதே குறைதான். ‘தனியாகச் செய்தது’ என்று எத்தனை வரி இருந்தாலும், எப்படிச் செய்தார் என்பது அதில் இல்லை.

சிறு துளைகள் வழியே கேமராவில் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோபியில் பித்தப்பை எடுப்பது இதற்குச் சரியான உதாரணம். குழாயை அடைக்கும் கிளிப் போடும் முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும் என்று 1995இலேயே வகுத்துவிட்டார்கள்: பித்தப்பை நாளத்துக்கும் கல்லீரலுக்கும் இடையிலான முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீங்கியிருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரல் படுகையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பித்தப்பைக்குள் இரண்டே குழாய்கள் போக வேண்டும். தவறு நடப்பது இழுக்கும் திசையில். பித்தப்பையின் கழுத்தை மேல்நோக்கி இழுத்தால் பித்தப்பை நாளமும் பொதுப் பித்த நாளமும் ஒரே கோட்டில் வந்து ஒன்றெனத் தோன்றும். நோயாளியின் வலப்பக்கமாகவும் கீழாகவும் இழுத்தால் இடையில் கோணம் விரியும்.

தேர்வில் அந்த மூன்றையும் சொல்லச் சொல்வதற்குப் பதிலாக, அரைகுறையாகப் பிரித்த ஒரு படத்தைக் காட்டி ‘கிளிப் போடுவீர்களா?’ என்று கேட்க வேண்டும். ‘மாட்டேன். மூத்தவரைக் கூப்பிடுவேன், அப்போதும் தெரியாவிட்டால் பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து முடிப்பேன்’ என்பவருக்கு முழு மதிப்பெண். ஆபரேஷன் தியேட்டரில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு படம் எடுத்து, கேமரா பிடிக்கும் இளையவரிடம் அந்த இரண்டு குழாய்களையும் காட்டச் சொல்லுங்கள். அவரால் காட்ட முடியாதவரை கிளிப் தட்டிலேயே இருக்கட்டும்.