பாட்டுக்குப் பெயர் எழுதும் வேலை

திருட்டுத் தளத்திலிருந்து இறக்கிய ஒரு எம்பி3 கோப்பின் விவரப் பகுதியைத் திறந்து பாருங்கள். பாடியவர் என்ற கட்டத்தில் ஒரு இணையதளத்தின் பெயர் இருக்கும். இசையமைப்பாளர் கட்டத்திலும் அதே பெயர். படத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு மறுபடியும் அதே பெயர். பாடலாசிரியர் கட்டம் காலி. ராயல்டி கணக்குப் பார்க்கிறவர்களின் கண்ணில் முதலில் உறுத்துவது அந்தக் காலிக் கட்டம்தான். காசு போனது அப்புறம். இந்தத் தொழிலில் காசு பெயரையும் எண்ணையும் பிடித்துக்கொண்டுதான் வந்து சேரும். பெயர் அறுந்தால் வழியும் அறுந்துவிடும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருப்பது பலருக்குத் தெரியாது. பாட்டைத் திருடுவதற்குப் பிரிவு 63: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். 2012 திருத்தத்தில் சேர்ந்த 65பி, படைப்பாளர் பெயர், பாடியவர் பெயர், அடையாள எண் போன்ற உரிமைத் தகவலைத் தெரிந்தே அழிப்பதையும் மாற்றுவதையும் தனிக் குற்றமாக்கியது. இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனால் புகார் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 63-ஐ மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

பெயர் தொலைவது எம்பி3 காலத்தில் தொடங்கியதும் இல்லை. ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் கடைகள் இருந்த நாளில், வெற்றுக் கேசட்டை வாங்கிக்கொண்டு போய், கோடு போட்ட தாளில் பாட்டின் முதல் வரியை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். உறையில் பாட்டின் முதல் வரி இருக்கும், படத்தின் பெயர் இருக்கும். எழுதியவர் பெயருக்கு இடமே கிடையாது. அடுத்து வந்தது எம்பி3 குறுந்தகடு. 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு ஏறத்தாழ ஒரு எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு 4.8 எம்பி. 700 எம்பி தட்டில் 145 பாட்டு அடங்கும். பன்னிரண்டு பாட்டு கேசட்டின் விலைக்குள் 145 பாட்டு கிடைத்தால் யார் கேசட் வாங்குவார்கள்? பிறகு செல்போன் கடை வாசலில் ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்ற அட்டை. 4 ஜிபி கார்டில் 800 பாட்டுக்கு மேல். இப்போது அந்தக் கடையும் வேண்டாம்: வீடியோ இணைப்பை ஒட்டினால் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் தளங்கள், டெலிகிராம் குழுக்கள், விளம்பரத்தை நீக்கித் திருத்திய செயலிகள்.

‘எப்படியும் அவர்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கப் போவதில்லை, இலவசமாகப் பரவினால் விளம்பரம்தானே’ என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை. பாட்டு பரவினால் பாடகருக்கு மேடை கிடைக்கும், மேடைக்குச் சம்பளம் கிடைக்கும். இசையமைப்பாளருக்கு அடுத்த படம் கிடைக்கலாம். பாடலாசிரியரை யார் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்? பாட்டு எழுதிய அன்று வாங்கியது போக அவருக்கு இருக்கிற ஒரே வரும்படி ராயல்டி. தவில்காரர், வயலின்காரர், கோரஸ் பாடியவர்கள் நிலை இன்னும் மோசம். கால்ஷீட் கணக்கில் ஒருமுறை பணம் வாங்கிக்கொண்டு போனால் அதோடு முடிந்தது. விளம்பர வாதத்தைச் சொல்பவர்கள் எல்லாக் கலைஞரையும் மேடையில் நிற்பவராகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

மேடையிலும் பெயர்தான் சிக்கல். சினிமாப் பாட்டு பாடும் கச்சேரிக்கு, பாடலாசிரியர், இசையமைப்பாளர், வெளியீட்டு நிறுவனங்களுக்காக ராயல்டி வசூலித்துப் பிரிக்கும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸிடம் உரிமம் வாங்க வேண்டும் (கல்யாண வீட்டுக்கும் சமயச் சடங்குக்கும் சட்டம் விலக்குத் தருகிறது). கட்டணம் கட்டிய பிறகும் என்னென்ன பாட்டு பாடினோம் என்ற பட்டியலைக் கொடுக்கப் பல குழுக்கள் மறந்துவிடும். பட்டியல் இல்லாத பணம் எந்தக் கவிஞருக்குப் போகும்?

சட்டம் கலைஞர் பக்கம் திரும்பியதே அண்மையில்தான். 1977-இல் ஐபிஆர்எஸ்ஸுக்கும் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், காசு கொடுத்துப் பாட்டு எழுதவும் மெட்டமைக்கவும் வைத்த தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 35 ஆண்டுகள் அதுதான் நடைமுறை. 2012 ஜூன் 21 முதல் அமலுக்கு வந்த திருத்தம், படப் பாட்டு திரையரங்கில் ஓடுவதைத் தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டுக்கும் எழுதியவரும் மெட்டமைத்தவரும் உரிமை வாங்கியவரோடு சமபங்கு ராயல்டி பெற வேண்டும் என்றது. நடைமுறையில் ஐபிஆர்எஸ் வழியாக வருவதில் வெளியீட்டு நிறுவனத்துக்குப் பாதி, இசையமைப்பாளருக்குக் கால், பாடலாசிரியருக்குக் கால்.

இந்தப் பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது என்பதுதான் திருத்தத்தின் உயிர்நாடி. ‘இனி எந்த ராயல்டியும் கோரமாட்டேன்’ என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது. அப்படியும் இன்றுவரை அந்த வரி இல்லாத ஒப்பந்தம் அபூர்வம். பழைய வடிவத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அச்செடுக்கிறார்கள். படித்துப் பார்க்கிறவர்கள் மூன்று இடத்தில் விரல் வைக்க வேண்டும். காலம் எழுதப்படவில்லையா, ஐந்து ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எல்லை எழுதப்படவில்லையா, இந்தியா மட்டும். கையெழுத்துப் போட்ட நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் கொடுத்துவிட முடியாது. ‘பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும்’ என்று எழுதியிருந்தால், சந்தேகமில்லை, அதை எழுதியவர் வெளிநாட்டு ஒப்பந்தத்திலிருந்து வரியைச் சுட்டிருக்கிறார். அதுவும் திருட்டுப் பதிவிறக்கம்தான்.

சரி, உரிமை இருக்கிறது. காசு ஏன் வரவில்லை? பதில் பெரும்பாலும் ஒலிப்பதிவு முடிந்த இரவில் இருக்கும். அன்றைக்கே எழுத வேண்டிய பங்குத்தாளை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிவைப்பார்கள். ஒரு தாள் போதும்: பாட்டின் பெயர், முதல் வரி, யார் எழுதியது, யார் மெட்டு, யாருக்கு எத்தனை விழுக்காடு, எல்லோர் கையெழுத்தும். கூட்டினால் 100 வர வேண்டும். ஆறு மாதம் கழித்து ஆளாளுக்குத் தனியாகப் பதிவு செய்தால், இசையமைப்பாளர் 50, பீட் போட்டவர் 25, பாடலாசிரியர் 50 என்று 125 வந்து நிற்கும். தகராறு தீரும்வரை அந்தப் பாட்டின் பணம் நிறுத்திவைக்கப்படும்.

அடுத்தது ஐஎஸ்ஆர்சி. ஒரு ஒலிப்பதிவுக்கு ஒரு எண். மொத்தம் 12 எழுத்து: நாடு 2, வாங்கியவர் குறி 3, ஆண்டு 2, வரிசை எண் 5. மெட்டுக்கும் வரிக்கும் சேர்த்துத் தனியாக ஐஎஸ்டபிள்யூசி என்று இன்னொரு எண் உண்டு. கரோக்கி, ரீமிக்ஸ், மேடைப் பதிவு எல்லாவற்றுக்கும் வேறு வேறு ஐஎஸ்ஆர்சி. ஆனால் அடியில் இருக்கும் படைப்பு ஒன்றே என்பதால் ஐஎஸ்டபிள்யூசி ஒன்றுதான். அதிகம் நடக்கும் தவறு, பாட்டைச் செயலிகளுக்கு அனுப்பித் தரும் விநியோகஸ்தரை மாற்றும்போது. ஐஎஸ்ஆர்சி கட்டத்தைக் காலியாக விட்டால் புதியவர் தானாகவே புதிய எண் கொடுத்துவிடுவார். அதே பாட்டு, அதே ஒலி, ஆனால் வேறு பிறவி. அதுவரை கேட்கப்பட்ட எண்ணிக்கை பழைய பிறவியோடு போய்விடும்.

தமிழ்ப் பெயர்களுக்கென்றே தனிச் சோதனைகள் உண்டு. இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால். ழகரத்தை ஆங்கிலத்தில் இசட்எச் என்றும் எழுதலாம், வெறும் எல் என்றும் எழுதலாம். ஒரே பாடகிக்கு ஒரு செயலியில் நான்கு பக்கம் உருவாகிவிடும். இரண்டு வேறு குமார்கள் ஒரே பக்கத்தில் குடியேறிவிடுவார்கள். பாட்டின் பெயரிலும் இதே கதை. மக்கள் பாட்டை முதல் வரியால் அழைப்பார்கள். பதிவேட்டில் ‘நாயகி அறிமுகம்’ என்று இருக்கும். மாற்றுப் பெயர் என்ற கட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. விருத்தத்தில் தொடங்கும் பாட்டானால் விருத்தத்தின் முதல் வரி, பல்லவியின் முதல் வரி இரண்டையும் அங்கே எழுத வேண்டும். பழைய பாடல் வரிகளைப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருப்பவர்கள், யூனிகோடுக்கு மாற்றாமல் அப்படியே ஒட்டினால் பெறுகிறவர் திரையில் வெறும் ஆங்கிலக் குப்பை.

கணக்கு அறிக்கையைத் திறக்கும்போது எக்ஸெல் ஒரு பொல்லாத நண்பன். ஆல்பத்தின் 13 இலக்க எண்ணைப் பார்த்ததும் அதைச் சுருக்கி, புள்ளி வைத்து, ஈ பிளஸ் 12 என்று காட்டும். அப்படியே சேமித்தால் பின்னால் இருந்த இலக்கங்கள் திரும்பி வராது. படைப்பாளரை அடையாளம் காட்டும் ஐபிஐ எண் சுழியத்தில் தொடங்கினால் அந்தச் சுழியத்தையும் விழுங்கிவிடும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாக அந்த நெடுவரிசைகளை ‘உரை’ என்று குறித்துத் திறப்பதே முறை. இதில் தவறிய ஒரு ஆல்பம் அடுத்த காலாண்டுக் கணக்கில் யாரோடும் பொருந்தாமல் அநாதையாக நிற்கும்.

சந்தா செயலி வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், பணம் பிரிக்கும் முறையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பத்துப் பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 70 விழுக்காடு உரிமையாளர்களுக்கு என்றால் 700 ரூபாய். ஒன்பது பேர் இரவும் பகலும் புதுப் படப் பாட்டாக 980 முறை கேட்கிறார்கள். பத்தாமவர் நாதஸ்வரம் மட்டும் 20 முறை. மொத்தம் 1,000, ஒரு முறைக்கு 70 பைசா. நாதஸ்வரக்காரருக்கு 14 ரூபாய். தன் சந்தாவில் கலைஞர் பங்கான 70 ரூபாயும் நாதஸ்வரத்துக்கே போகிறது என்று பத்தாமவர் நினைத்துக்கொண்டிருப்பார். அதில் 56 ரூபாய் அவர் கேட்டே இராத பாட்டுக்குப் போயிருக்கும். சவுண்ட்கிளவுட் 2021-இல் இதை மாற்றி, அவரவர் பணம் அவரவர் கேட்டவருக்கே என்ற முறையைத் தனிக் கலைஞர்களுக்குக் கொண்டுவந்தது. பெரிய செயலிகள் பொதுக்குவியல் முறையிலேயே இருக்கின்றன. ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத ஒலிப்பதிவுக்குப் பதிவுரிமைப் பணம் எதுவும் கிடையாது என்றும் ஆக்கிவிட்டது. மேலே சொன்ன எண் குழப்பத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். ஒரே பாட்டு மூன்று ஐஎஸ்ஆர்சியில் 400, 400, 400 என்று சிதறிக் கிடந்தால் மூன்றும் சுழியம். ஒரே எண்ணில் 1,200 என்றால் பணம் உண்டு. இங்கே எந்தத் திருடனும் வரவில்லை.

எண்ணிக்கையைக் கூட்டித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ‘பிளேலிஸ்ட்’ தரகர்களிடம் போனால் அதைவிட மோசம். இயந்திரம் கேட்ட எண்ணிக்கை கண்டுபிடிக்கப்பட்டால் செயலி விநியோகஸ்தருக்கு அபராதம் போடும், விநியோகஸ்தர் அதைக் கலைஞர் கணக்கில் கழிப்பார்.

திருட்டுப் பிரதியை நீக்க அறிவிப்பு அனுப்புவதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. 2013 பதிப்புரிமை விதிகளின்படி, முறையான அறிவிப்பு கிடைத்தால், பிரதியைத் தாங்கி நிற்கும் தளம் போன்ற இடைநிலை நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பிரதியை முடக்க வேண்டும். முடக்கம் 21 நாள் நிற்கும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திறந்துவிடலாம். தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் அனுப்பினால் நடக்காது. ஒவ்வொரு கோப்புக்கும் முழு முகவரி, பாட்டின் விவரம், உரிமைக்கான ஆதாரம் வேண்டும். ஆதாரம் என்று வந்ததும் மறுபடியும் அந்தப் பங்குத்தாளும் ஒப்பந்தமும்தான். தாள் இல்லாதவர் திருடனைக் கண்முன்னே பார்த்தாலும் கையைப் பிடிக்க முடியாது. யூடியூபின் கன்டென்ட் ஐடி ஒலியையே ஒப்பிட்டுப் பிடிக்கிறது, அதனால் அழித்த பெயர் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் கடையில் வாங்கிய தம்புரா லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் ஆயத்த ஒலித்துண்டு) அப்படியே பாட்டின் தொடக்கத்தில் போட்டுவிட்டு அங்கே பதிவு செய்தால், அதே லூப்பை வாங்கிய இன்னொருவர் பாட்டின் மீது உரிமை கோரியதாகிவிடும். லூப்கள் தனியுரிமையோடு விற்கப்படுவதில்லை; உரிமத்தில் சின்ன எழுத்தில் அது எழுதியிருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை பழைய கேசட்டுகள். எண்பதுகளில் கிராமியப் பாட்டும் அம்மன் பாட்டும் வெளியிட்ட பல சிறு நிறுவனங்கள் மூடிவிட்டன. பாட்டு மட்டும் திருவிழா ஒலிபெருக்கியிலும் யாரோ ஏற்றிய வீடியோவிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. உறைத்தாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைக்க வேண்டும், மடிப்பில் அச்சடித்த பொடி எழுத்தில்தான் பாடலாசிரியர் இருப்பார். உறை இல்லையென்றால் நாடாவை முழுக்கக் கேட்க வேண்டும். பாட்டின் கடைசி அடியில் எழுதியவர் தன் பெயரையோ ஊரையோ முத்திரையாக வைத்திருப்பது உண்டு. எதுவும் அகப்படவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட்டு, ஒலிப்பதிவை மட்டும் பதிவு செய்யலாம். அவசரத்தில் ‘மரபுப் பாடல்’ என்று எழுதுகிறார்கள். தேவாரத்துக்கும் திருப்புகழுக்கும் அப்படி எழுதலாம். எழுதியவர் 1985-இல் நாற்பது வயதுக்காரராக இருந்திருந்தால், அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு அந்த வரிகள் அவர் குடும்பத்துக்குச் சொந்தம். ஒரு பதிவேட்டில் மரபு என்று ஏறிவிட்டால் மற்றவை அதைப் பார்த்து நகலெடுக்கும். பிறகு அந்த வீட்டிலிருந்து ஒருவர் கையெழுத்து நோட்டோடு வந்து நின்றால், முதலில் திருத்த வேண்டிய பதிவேடு எது என்று தேடுவதற்கே மாதங்கள் ஆகும்.