மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை

மார்ச் பிறந்துவிட்டால், டொர்னேடோ எனப்படும் கடும் சுழல்காற்றுக்கு அஞ்சி, எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே உள்ள சிறு அறையைக் காலி செய்து, பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட்டுகள், டார்ச், குடிநீர், ஆளுக்கொரு ஜோடி காலணி ஆகியவற்றை அங்கே எடுத்து வைத்துவிடுவோம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லில் குடியேறிய புதிதில் இது எனக்கு மிகையாகப் பட்டது. 2023 மார்ச் 24 இரவுக்குப் பிறகு அப்படித் தோன்றியதில்லை.

அன்றிரவு 8 மணியளவில், பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில் ஏறத்தாழ 2,000 பேர் வாழும் ரோலிங் ஃபோர்க் என்ற சிற்றூரை டொர்னேடோ தாக்கியது. காற்றின் உச்ச வேகம் மணிக்கு 195 மைல், அதாவது 300 கிலோமீட்டருக்கும் மேல். 59 மைல் நீளத்துக்குத் தரையை உழுதுகொண்டு போன அந்த ஒரு சுழல் மட்டும் 17 உயிர்களைக் கொண்டுபோனது. அதே இரவில் வினோனா அருகிலும் ஏமரியிலும் வேறு டொர்னேடோக்கள் இறங்கின.

மெக்சிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான ஈரக்காற்று தரையை ஒட்டி வடக்கே வர, அதற்கு மேலே மேற்கிலிருந்து வறண்ட காற்று பாய, உயரம் கூடக் கூடக் காற்றின் திசையும் வேகமும் மாறுவதால் இடிமேகமே சுழலத் தொடங்குகிறது; அதிலிருந்து டொர்னேடோ இறங்கக்கூடும். வசந்தத்தின் தொடக்கத்தில் இவையெல்லாம் எளிதில் ஒன்றுகூடிவிடுகின்றன.

அன்றிரவு கைபேசியில் ராடார் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுழற்சியின் நடுவே ஒரு நீலப் புள்ளி தோன்றியது. மழைத்துளியும் ஆலங்கட்டியும் அல்லாத, ஒழுங்கற்ற வடிவுள்ள பொருள்கள் மேலே பறக்கும்போதுதான் அப்படித் தெரியும். அவை மக்களின் வீடுகள்.

எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. ஆனால் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தப்படும் மொபைல் ஹோமில் வாழ்பவர், சைரன் ஒலித்தால் இருட்டில் எங்கே ஓடுவார்? தரையோடு கட்டிப்போட்டிருந்தாலும் அந்த வீட்டைவிட்டு வெளியேறுங்கள் என்று வானிலைத் துறை சொல்கிறது. போய்ச் சேர வேண்டிய இடத்தை யார் தருவது என்பதுதான் என்னை உறுத்துகிறது. ரோலிங் ஃபோர்க்கில் ஓர் உணவகத்தில் இருந்தவர்கள், உணவுப்பொருள் வைக்கும் குளிர்பதன அறைக்குள் நெருக்கியடித்துப் புகுந்து உயிர்பிழைத்தார்கள். அப்படியோர் அறை எட்டும் தூரத்தில் இல்லாதவர்கள் பலர்.

எங்கள் தெருக்கோடியிலும் மொபைல் ஹோம்கள் இருக்கின்றன. அங்கே பேரனுடன் தனியாக வசிக்கும் மூதாட்டியிடம், எச்சரிக்கை வந்தால் எந்நேரமானாலும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுமாறு சொல்லி, வாசற்கதவின் பூட்டு எண்ணையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த மார்ச்சில் அந்தச் சிறு அறையில் இன்னும் இரண்டு ஹெல்மெட்டுகளை வாங்கி வைத்திருக்கிறோம்.