விலங்கியலும் வணிக நிர்வாகமும்: ஒரே மூன்றாண்டில் இரண்டு பட்டம் படித்த அனுபவம்

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், பட்டுப்புழு வளர்ப்பு மனையை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். புழு எதனால் சாகிறது என்பதும், கூடு விற்ற பணத்தில் வீட்டுக்கு மெய்யாகவே எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியவையாக இருந்தன. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் வணிக மேலாண்மையும், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் பட்டு வளர்ப்பும் இளநிலைப் படிப்புகளாக இருக்கின்றன. 2022இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது இரண்டுக்கும் என் கட்-ஆஃப் எட்டவில்லை. அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கையில் மொழிப் பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவதால், பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் கிடைத்தது.

வணிகம் விட்டுப்போனதே என்று இருந்த நேரத்தில், ஒரே காலத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று அதே ஆண்டு ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்திருந்தது தெரியவந்தது. இரண்டையும் நேரில் படித்தால் வகுப்பு நேரங்கள் மோதக் கூடாது. ஒன்றை நேரிலும் மற்றொன்றைத் தொலைநிலையிலும் படிக்கலாம், ஆனால் அந்தத் தொலைநிலைப் படிப்புக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்க வேண்டும். வணிக நிர்வாகப் பட்டமான பி.பி.ஏ.வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் நான் விண்ணப்பித்த இடத்தில் இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

தொலைநிலை பி.பி.ஏ. சேர்க்கை மையத்தில் இருந்தவர், "ரெண்டு டிகிரி செல்லாதுங்க" என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் மானியக் குழுவின் சுற்றறிக்கையை அச்செடுத்துக்கொண்டு மீண்டும் போனேன். படித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். அசல் மாற்றுச் சான்றிதழ் கல்லூரியிலேயே இருந்தது. இங்கே மதிப்பெண் சான்றிதழின் நகல் போதுமானதாக இருந்தது. 2024 முதல் தொலைநிலையில் சேருவோருக்குத் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் அடையாள எண்ணும் (DEB ID), படிப்பில் பெறும் கிரெடிட் புள்ளிகளைச் சேமிக்கும் கணக்கும் (ABC ID) தேவைப்படுகின்றன என்பதால், இப்போது சேர நினைப்பவர்கள் அவற்றை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

வார நாட்களில் கல்லூரி. தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், துணைப் பாடம் என்று பருவத்துக்குப் பருவம் பாடங்கள் கூடிக்கொண்டே போயின. பி.பி.ஏ. நேர்முக வகுப்புகள் விடுமுறை நாட்களில் நடந்தன. இரண்டாம் ஆண்டில் வேதியியல் செய்முறைத் தேர்வும் பி.பி.ஏ. தாள் ஒன்றும் ஒரே நாளில் விழுந்தன. செய்முறைத் தேர்வை அணி அணியாகத்தான் நடத்துவார்கள் என்பதால், துறைத் தலைவரிடம் இரண்டு நுழைவுச் சீட்டுகளையும் காட்டி வேறு அணிக்கு மாற்றிக்கொண்டேன். எழுத்துத் தேர்வுகள் அப்படி மோதியிருந்தால், தொலைநிலைத் தாளை அடுத்த பருவத்துக்குத் தள்ளியிருப்பேன்.

விருப்பப் பாடமாகப் பட்டு வளர்ப்பை எடுத்த பருவத்தை மறக்க முடியாது. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியைச் சிறு கல்வத்தில் பொட்டாசியம் கார்பனேட் கரைசல் விட்டு அரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தோம். நீள்வட்டமாக, ஒளிவிடும் அரிசிமணிகளைப் போல நோசிமா என்ற நுண்ணுயிரியின் வித்துகள் மிதந்தன. மிளகைப் போன்ற புள்ளிகளால் பெப்ரின் என்று பெயர் பெற்ற நோய் அது. தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும். தாய் அந்தைச் சோதித்து நோயுள்ளவற்றின் முட்டையைக் கழிக்கும் வழியை 1860களில் பிரான்சில் லூயி பாஸ்டர் காட்டினார். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் மனையில் ஒரு பயிர், அதாவது ஒரு தடவை வளர்த்த புழுக்கள், முழுக்கப் போனது. அதற்கு இதுதான் காரணமா என்று இன்று சொல்ல வழியில்லை. ஆனால் அம்மா செத்த புழுக்களை முறத்தில் அள்ளிக் குழியில் கொட்டியது, அன்று அந்த ஆய்வகத்தில் என் கண் முன்னால் வந்தது.

அதே பருவத்தில்தான் பி.பி.ஏ.வில் அடக்கவிலைக் கணக்கு படித்தேன். அப்பாவின் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தால், ஒரு பக்கம் கூடு விற்ற தொகையும், மறுபக்கம் இளம்புழு வாங்கிய காசு, மருந்து, ஆள் கூலி, தருமபுரி அங்காடிக்குப் போன வண்டி வாடகையும் மட்டும் இருந்தன. மல்பெரி இலைக்கு விலை இல்லை. நான்காம் தோலுரிப்புக்குப் பிறகு ராவும் பகலுமாக இலை போட்ட அம்மாவுக்குக் கூலி இல்லை.

"இலை நம்மளுதுதானே கண்ணு, அதுக்கெதுக்கு வெலை?" என்றார் அப்பா.

இலையை வெளியே விற்றால் கிடைக்கும் விலையையும், அதே வேலைக்கு ஆள் வைத்தால் தர வேண்டிய கூலியையும் சேர்த்து, ஆறு பயிர்களின் கணக்கை நானும் அப்பாவும் இரண்டு இரவு உட்கார்ந்து திருப்பி எழுதினோம். லாபம் என்று நாங்கள் நினைத்திருந்த இரண்டு பயிர்கள் நட்டத்தில் போயிருந்தன. இரண்டுமே கடுங்கோடையில் வைத்தவை.

2025இல் இரண்டு பட்டப் படிப்பையும் முடித்தேன். சித்திரையில் இப்போது நாங்கள் புழு வைப்பதில்லை. அந்த நேரத்தில் தோட்டத்துக்கு எரு வைத்து, செடியைக் கவாத்து செய்கிறோம். அப்பாவின் நாட்குறிப்பில் ஆள் கூலிக்குக் கீழே அம்மாவின் பெயரில் ஒரு வரி இருக்கிறது. அதை எழுதுவது அப்பாதான்.