ஆடிக்கு முன்னால் கிளம்ப வேண்டும்

மார்ச் 9, 2025 – சேலம்

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போவதற்காக எழுதிய ஜெர்மன் மொழித் தேர்வின் பி2 நிலை ரிசல்ட் வந்துவிட்டது. வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல், நான்கும் பாஸ். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். நான்கையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று விதி இருப்பதால்தான் வேலையை விடாமல் இதை முடிக்க முடிந்தது. பகல் டூட்டி முடித்து, ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்து, விடிவதற்குள் சென்ட்ரலில் இறங்கி, நுங்கம்பாக்கத்தில் கோதே இன்ஸ்டிட்யூட் பரீட்சையை எழுதிவிட்டு அன்றைக்கே திரும்பிய நாட்களை நினைத்தால் உடம்பு இப்போதும் வலிக்கிறது. ஆனாலும் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

வேலை கிடைத்திருப்பது ஃப்ரைபுர்க்கில். ஜெர்மனியின் தென்மேற்கு மூலை, கருங்காடு என்று அழைக்கப்படும் மலைகளின் அடிவாரம். போன அன்றே நான் அங்கே நர்ஸ் ஆகிவிட மாட்டேன் என்பதைத்தான் வீட்டில் யாருக்கும் புரிய வைக்க முடியவில்லை. என் பி.எஸ்சி. நர்சிங்கில் எந்தப் பாடம் எத்தனை மணி நேரம் என்று ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற அரசு அலுவலகம் அவர்களுடைய படிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, எதெது குறைகிறது என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. அதை ஈடுகட்ட இரண்டு வழி. சில மாதம் அங்கேயே பயிற்சி எடுக்கலாம். இல்லையென்றால் ‘கென்ட்னிஸ்ப்ரூஃபுங்’ என்ற தேர்வை எழுதலாம். அதில் வாய்மொழியும் உண்டு, வார்டில் நோயாளியை வைத்துச் செய்முறையும் உண்டு. தேறுகிற வரைக்கும் உதவியாளர் பதவி, உதவியாளர் சம்பளம். இத்தனை வருடம் ஐசியு பார்த்துவிட்டு மறுபடி கீழ்ப்படியில் நிற்க வேண்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நிற்க வேண்டும். அதற்குத் தயாராகத்தான் இருக்கிறேன்.

மார்ச் 16

வார்டில் ஜூனியர் பெண்கள் தினமும் கேட்கிறார்கள், ‘எவ்வளவு செலவாச்சு அக்கா?’ என்று. அதில் ஒரு பெண்ணிடம் ஒரு ஏஜென்சி நாலு லட்சம் கேட்டிருக்கிறது. அவளுடைய அப்பா தாலுக்கா ஆபீஸுக்கும் பேங்குக்கும் அலைந்துகொண்டிருக்கிறாராம். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

அதனால் தெளிவாக எழுதிவைக்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் போய்ப் பதிவைச் சரிபார்க்கலாம். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. ஜெர்மன் தரப்பிலும் நியாயமாக ஆள் எடுக்கிறவர்களுக்கு என்று ஒரு தர முத்திரை இருக்கிறது. அதை வாங்கியவர்கள் நர்ஸிடம் காசு கேட்கக் கூடாது, செலவு முதலாளியுடையது. நம் மாநில அரசுக்கே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு மனிதவள நிறுவனம் ஒன்று சென்னையில் இருக்கிறது. அங்கே கேட்காமல் யாரும் நகை அடகு வைக்க வேண்டாம்.

இன்னொன்று, ஒப்பந்தத்தில் ‘பாண்ட்’ பகுதியைப் படிக்க வேண்டும். பாதியில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், மாதம் போகப் போக அந்தத் தொகை குறையுமா, எழுத்தில் இருக்கிறதா. நான் இதைக் கேட்டு ஒரு வரியை மாற்றி எழுதி வாங்கினேன். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 14 – நாகலூர்

வருடப் பிறப்பு. குப்பனூர் வழியாக ஏற்காடு மலைமேல் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தோம். காப்பி பூத்து முடிந்து, காம்பில் பச்சை மொட்டாகப் பிஞ்சு பிடித்திருக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் ஏற்றியிருந்த மிளகைப் பறித்து, களத்தில் காயப் போட்டிருந்தார்கள். வேப்பம்பூப் பச்சடி, பருப்பு வடை, அண்ணி கையால் பாயசம்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் விஷயத்துக்கு வந்தார். பக்கத்துக் காட்டுக்காரர் அரை ஏக்கர் கொடுக்கிறாராம். ‘நீ போறதுக்குள்ள உன் பேர்ல எழுதிக்கலாம், அப்புறம் முடியாது’ என்றார். அவர் சொன்னது சரிதான். வெளிநாட்டில் குடியேறிவிட்டால், இந்தியக் குடியுரிமையே இருந்தாலும், விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. வீடு, மனை வாங்கலாம். இங்கே இருக்கும்போது வாங்கிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வருவதும் செல்லும். ஆக, இந்த மண்ணில் காசு கொடுத்து ஒரு காப்பிச் செடியாவது வாங்க எனக்கு இந்த இரண்டு மாதம்தான் இருக்கிறது.

மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அப்பா எஸ்டேட்டில் கூலிக்குப் போய்க்கொண்டே சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய ஒரு ஏக்கர் இது. அதை ஒட்டி இன்னும் அரை ஏக்கர் என்றால் அவர் இருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! ஆனால் கையில் இருக்கும் பணம் வீட்டுக்காரரும் பாப்பாவும் வந்து சேரும்போது வீடு பிடிக்க வேண்டும். அங்கே முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்கலாம்.

அம்மா களத்தில் மிளகைக் கிளறிக்கொண்டே, ‘காட்டை வாங்கிப் போட்டுட்டு நீ அங்க இருந்தா, இங்க யாரு கண்ணு பாத்துக்குவா? பொண்ணப் படிக்க வை’ என்றார். அதோடு பேச்சு முடிந்தது. நிலம் வேண்டாம். அண்ணனே வாங்கிக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 27

பேங்கில் வேலை முடிந்தது. கிளம்பிய பிறகு சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்கான கணக்காக, மாற்ற வேண்டும், சாதாரணக் கணக்காகவே விட்டுவைக்கக் கூடாது. பாரத்தை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டேன்.

பாப்பாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் தூக்கம் வரவில்லை. இந்த ஜூனில் மூன்றாம் வகுப்பு. ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப் பள்ளி நான்கு வருடம்தான். அது முடிந்ததும், பத்து வயதிலேயே, பிள்ளைகள் பிரிந்து போகிறார்கள். கல்லூரிப் படிப்பை நோக்கிப் போகும் பள்ளிக்குச் சிலர், தொழில் பக்கம் போகும் பள்ளிகளுக்கு மற்றவர்கள். பின்னால் மாறிக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் அது சுலபம் என்று அங்கே இருக்கும் தோழி ஒருத்தி கூடச் சொல்லவில்லை. நான் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, இவர்களை அழைத்துக்கொள்வதற்குள் பாப்பாவுக்கு நான்காம் வகுப்பு நெருங்கிவிடும். பாஷை தெரியாமல் போய் உட்கார்ந்த குழந்தையை அந்த வருடமே தரம் பிரித்தால்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைக்கிறவர். பேச்சு குறைவு, முடிவு எடுத்தால் உறுதியாக எடுப்பார். ‘நானும் அவளும் இப்பவே ஆரம்பிக்கிறோம்’ என்றார். அன்றைக்கு ராத்திரியே இரண்டு பேரும் உட்கார்ந்து ஒன்றிலிருந்து இருபது வரை ஜெர்மனில் எண்ணினார்கள். பாப்பா வேகமாகப் பிடித்துக்கொள்கிறாள். ஒரு வகுப்பு பின்னால் சேர்த்துக்கொள்வார்களா என்று பள்ளி முடிவான உடனே கேட்க வேண்டும். கேட்பேன்.

மே 11

அம்மாவை அழைத்துப் போக முடியுமா? பார்க்கிற எல்லாரும் கேட்பது இதைத்தான். இரண்டு வாரமாகப் படித்துப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சட்டம் இடம் கொடுக்கிறது. 2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதல்முறையாகத் திறன் பணியாளர் அனுமதி பெறுகிறவர்கள் பெற்றோரை அழைத்துக்கொள்ளலாம். கணவரோ மனைவியோ அங்கேயே இருந்தால் அவருடைய பெற்றோரையும்கூட. உரிமம் வந்து என் அனுமதி மாறிய பிறகு நானும் அந்தக் கணக்கில் வருவேன். ஆனால் அவர்களுடைய சாப்பாடு, இருப்பிடம், மருத்துவக் காப்பீடு எல்லாமே என் பொறுப்பு. கதவு அடைபடுவது காப்பீட்டில்தான். 55 வயதைத் தாண்டி வெளியிலிருந்து வருபவரை அங்கத்திய பொதுக் காப்பீட்டில் சேர்ப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். தனியார் காப்பீடு, அதுவும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கிற 64 வயது அம்மாவுக்கு, ஒரு நர்ஸ் சம்பளத்தில் தாங்காது.

இதே நாட்டில் 1995 முதல், வயதானால் பார்த்துக்கொள்வதற்கென்றே தனியாக ஒரு காப்பீடு இருக்கிறது. சம்பளத்தில் 3.6 சதவீதம், முதலாளி பாதி, தொழிலாளி பாதி. என் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே பிடிப்பார்கள். ஓய்வூதியத்துக்கு என் பங்கு 9.3 சதவீதம். நான் கட்டுகிற காசில் யாரோ ஒரு பாட்டிக்குக் குளிப்பாட்ட ஆள் வரும், அது நல்ல ஏற்பாடு, மனசாரச் சொல்கிறேன். நம் ஊரிலும் இப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை மருமகள்கள், மகள்கள் முதுகு ஒடியாமல் இருந்திருப்பார்கள்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். ‘சேர்வராயனை விட்டுட்டு நான் எங்க கண்ணு வர்றது?’ என்றார். இந்த மாதம் சேர்வராயன் சாமியின் மலைக் கோயில் திருவிழா. அம்மாவுக்கு இப்போது அதுதான் பெரிய வேலை.

மே 18

டபுள் டூட்டி. எழுதத் தெம்பில்லை.

மே 25

இன்று வார்டில் பக்கவாதம் வந்த ஒரு தாத்தா. மகள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அவரைப் புரட்டி, துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டினாள். நான் ஊசி போட்டேன், ட்ரிப் ஏற்றினேன், சார்ட் எழுதினேன். இங்கே இதுதான் பங்கீடு. உடம்பைப் பார்ப்பது சொந்தக்காரர்கள், மருந்தைப் பார்ப்பது நாங்கள்.

ஜெர்மனியில் அந்த மகள் செய்ததெல்லாம் நர்ஸின் வேலை. காலையில் குளிப்பாட்டுவது, பல் செட்டைக் கழுவி மாட்டிவிடுவது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது, சாப்பாடு ஊட்டுவது. நான் கண்ணை மூடிக்கொண்டு போடும் ஊசியை அங்கே பல இடங்களில் டாக்டர்தான் போடுகிறார். நம் பெண்கள் சிலர் இதைப் பார்த்து மனசு உடைந்து திரும்பியிருக்கிறார்கள். ‘நர்சிங் படிச்சுட்டு ஆயா வேலையா?’ என்று எங்கள் வார்டிலும் ஒருத்தி கேட்டாள்.

எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. ஒருவரைப் புரட்டித் துடைக்கும்போதுதான் முதுகில் புண் ஆரம்பிப்பது கண்ணில் படும். ஊட்டும்போதுதான் விழுங்க முடியாமல் புரையேறுவது தெரியும். மூச்சு எப்படி, தோல் எப்படி, நேற்றைக்கு இன்று பயம் கூடியிருக்கிறதா என்பதெல்லாம் கை வைக்கிறவளுக்குத்தான் தெரியும். இதைப் படித்தவள் செய்ய வேண்டும் என்று ஒரு நாடு முடிவு எடுத்திருப்பது சரி என்றே நினைக்கிறேன். நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளி என்று வைத்துவிட்டு, இதைச் சொந்தக்காரர் தலையில் கட்டியிருக்கிறோம்.

டூட்டி முடிந்ததும் அந்த மகளிடம் போய், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, குதிகால் படுக்கையில் அழுந்தாமல் இருக்க எதை வைப்பது என்று செய்து காட்டினேன். எனக்கும் பழக வேண்டியிருக்கிறது.

பேச்சு வேறு. அந்தப் பக்கத்து வயசானவர்கள் அலெமானிக் என்ற வட்டாரப் பேச்சு பேசுவார்கள். பி2 புத்தகத்தில் அது கிடையாது. யூடியூபில் தேடிக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன்.

ஜூன் 8

விசா வந்துவிட்டது! கட்டணம் 75 யூரோ. முகம் மட்டும் போட்டோவில் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அத்தை பாஸ்போர்ட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைக்கப் போனார், பக்கத்தில் மட்டும் வைக்கச் சொன்னேன். ஜூலை 5, பெங்களூரிலிருந்து ஃப்ராங்ஃபுர்ட், அங்கிருந்து ரயில். ஆடி பிறப்பதற்குள் கிளம்ப வேண்டும் என்று அம்மா சொன்னபடியே அமைந்தது.

ஜூன் 15

பெட்டி. மாமா ஒரு கூடை மல்கோவா கொண்டுவந்து, ‘நாலு பழமாவது எடுத்துட்டுப் போ’ என்றார். முடியாது. ஐரோப்பாவுக்குள் பழம், காய், கீரை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விதிவிலக்கு ஐந்துதான்: அன்னாசி, தேங்காய், டூரியன் என்கிற முள்நாறிப் பழம், வாழை, பேரீச்சை. பால், இறைச்சிப் பொருள் எதுவும் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் வந்துவிடும். கறிவேப்பிலையைக் காய வைத்து இடித்துப் பொடியாக்கிக்கொண்டேன். இட்லிப் பொடி, புளி, ஜவ்வரிசி வத்தல், அண்ணன் வறுத்துக் கொடுத்த நம் தோட்டத்துக் காப்பித் தூள். மல்கோவாவை வார்டுக்குக் கொண்டுபோய் எல்லாருமாகச் சாப்பிட்டோம்.

ஜூன் 29 – நாகலூர்

போவதற்கு முன் கடைசியாக மேலே வந்தது. அம்மாவுக்கான ஏற்பாட்டை முடிப்பதற்காகத்தான் வந்தேன்.

பிபி, சர்க்கரை மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. 2021-இல் தொடங்கியதிலிருந்து மலைக் கிராமங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று இங்கே வந்து பார்த்தால்தான் தெரியும். கொண்டுவரும் பெண்ணிடம் என் நம்பரைக் கொடுத்தேன், மாத்திரை மாறினால் போட்டோ அனுப்பச் சொன்னேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகளுக்கு பிபி மெஷினில் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். வாரம் இரண்டு நாள் பார்த்து நோட்டில் எழுதுவாள். எந்த அளவுக்கு மேலே போனால் யாரைக் கூப்பிடுவது, சர்க்கரை இறங்கி வியர்த்தால் முதலில் என்ன கொடுப்பது, எல்லாம் பெரிய எழுத்தில் எழுதிச் சமையல்கட்டுச் சுவரில் ஒட்டியாகிவிட்டது.

குடியுரிமை பற்றி அண்ணன் கேட்டார். உரிமம் வாங்கி மூன்று வருடம் வேலை பார்த்தால் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கலாம், ஐந்து வருடத்தில் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். ஜெர்மனி இப்போது இரண்டு குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. அதை வாங்கினால் இதைக் கொடுத்துவிட வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை கிடைக்கும், ஓட்டு கிடைக்காது. நிரந்தர அனுமதி வரை போவேன் என்று சொன்னேன். அதற்கு மேலே பாப்பா வளர்ந்த பிறகு அவளையும் கேட்டுத்தான்.

இன்னும் முடிவாகாதது ஒன்று இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப் பாதை சரிந்து பஸ் நிற்கும் நாட்களில் அம்மா இங்கேயே இருப்பதா, சேலத்தில் எங்கள் வீட்டுக்கு இறங்கி வருவதா? அம்மா மாட்டேன் என்கிறார். பழம் பறிப்பு தொடங்கும் நேரத்தில் எப்படி விட்டுவிட்டு வருவது என்பது அவருடைய வாதம். அண்ணன் புரட்டாசிக்குள் பேசி முடிக்கலாம் என்கிறார். வீட்டுக்காரர் கீழ் அறையை இப்போதே ஒழித்து வைத்துவிட்டார்.